இடுப்பு வலி காலுக்கு இறங்குதா? ஜவ்வு பிதுக்கமா, நரம்புப் பாதை சுருக்கமா... எப்படி தெரிஞ்சுக்கிறது?

"ஜவ்வு விலகிடுச்சு"... இடுப்பு வலிக்காக ஸ்கேன் எடுத்த பலரும் சொல்லும் வார்த்தை இது. ஆனால் கீழ் முதுகில் நரம்பை நெருக்கும் பிரச்சினை இது ஒன்று மட்டுமல்ல. தண்டுவடத்தில் நரம்புகள் போகும் பாதையே சுருங்குவதும் உண்டு. இரண்டிலும் வலி காலுக்கு இறங்குவதால்தான் குழப்பமே.

ஜவ்வு உண்மையிலேயே விலகுதா?

இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் எனும் ஜவ்வு, மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். அது நழுவாது. வெளியே நார் வளையம், உள்ளே ஜெல் மாதிரியான கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி பக்கத்து நரம்பை அழுத்தும். ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று இருக்கும் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் இது அதிகம். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்காரர்களுக்கு வரும். பிட்டத்தில் ஆரம்பித்து பாதம் வரை, பொதுவாக ஒரு காலில் மட்டும் சுரீர்னு இழுக்கும். இதுதான் சயாட்டிகா. குனிந்தாலும் தும்மினாலும் கூடும்.

உட்கார்ந்தா சரியாகுதா?

பாதை சுருக்கம் பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், மெதுவாக வருவது. ஜவ்வு தேய்ந்து, மூட்டில் எலும்பு வளர்ந்து, பின்பக்கத் தசைநார் தடித்து இடம் குறைகிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால்கள் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்தால் சரியாகிவிடும். நடக்க முடியாதவர் சைக்கிளை சாதாரணமாக ஓட்டுவார், சூப்பர் மார்க்கெட்டில் டிராலியில் சாய்ந்தபடி சுற்றி வருவார்! முன்னால் குனியும்போது பாதை சற்று விரிவதே காரணம்.

ஆக, குனிந்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா என்பது டாக்டரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். குனியாமல், சும்மா நின்றாலே கால் வலி போய்விடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படணுமா?

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு புடைப்பு இருந்தது. எனவே படம் மட்டும் போதாது, அறிகுறியோடு பொருந்த வேண்டும்.

ஜவ்வு பிதுக்க வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. நாள்கணக்கில் படுத்தே கிடப்பது பலன் தராது. பாதை சுருக்கம் அப்படித் தானாக மறையாது. ஆனாலும் பலருக்கு அது வருடக்கணக்கில் மோசமாகாமல் அப்படியே இருக்கும். பிசியோதெரபி உதவும். நடக்கும் தூரம் ரொம்பவே சுருங்கினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம்.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் வராமல் நின்றுபோவது, மலம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால், மணிக்கணக்கில் தாமதமானாலும் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.