அறச்சாலை விடுதியான வரலாறு

ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலே, ஸ்பெயின் தேசத்தின் கலீசியாப் பகுதியில், சந்தியாகோ தே கொம்பொஸ்தேலா என்றொரு பழநகர் உளது. இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரை நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் சந்தியோகுமையோர் என வழங்குவர். அவருடைய திருவுடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளது என்பது பல நூற்றாண்டுகளாக நிலவிவரும் நம்பிக்கை. நகரின் பெயரும் அவர் பெயரே.

அந்நகரின் பேராலயத்துக்கு முன்னே ஒப்ராதொய்ரோ என்னும் அகன்ற கற்சதுக்கம் பரந்து கிடக்கின்றது. அதன் வடபுறத்தே நீண்டுயர்ந்து நிற்கும் கருங்கல் மாளிகை இன்று செல்வர் தங்கும் சிறந்த விடுதி. அரசினர் நடத்தும் பரடோர் விடுதிகளுள் அது பெயர் பெற்றது. பட்டுத் திரையும் பழங்கால மரத்தளபாடமும் அமைந்த அறைகளிலே ஓரிரவு துயில்வதற்குப் பெரும்பொருள் கொடுத்தல் வேண்டும். ஆனால், அம்மாளிகை செல்வருக்காக எழுப்பப்பட்டதன்று. கையிற் காசின்றி, காலிற் புண்ணோடு வந்து சேர்ந்த ஏழை யாத்திரிகருக்காக எழுப்பப்பட்டது. அம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1486ஆம் ஆண்டில் இசபெல்லா அரசியும் பேர்டினண்டு மன்னரும் அந்நகருக்கு யாத்திரை சென்றனர். பிரனீஸ் மலைகளைக் கடந்து ஏறக்குறைய 800 கிலோமீற்றர் நடந்து வருவோர் நோயுற்று வீழ்ந்தால், அவரைத் தாங்கப் போதிய இடம் அங்கு இல்லை. 1499ஆம் ஆண்டில் பெரியதோர் அறச்சாலை அமைக்குமாறு அரசாணை பிறந்தது. 1492இல் கைப்பற்றப்பட்ட கிரனடா நாட்டு வருவாயில் ஒரு பங்கும் அதற்கென ஒதுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் என்ரிக்கே எகாஸ் என்பவர்.

அவர் வகுத்த அமைப்பு சிந்தித்தற்குரியது. நோயாளர் படுக்கும் நீண்ட மண்டபங்கள் நடுவிலுள்ள சிற்றாலயத்தை நோக்கி வந்து கூடும். எழுந்து நடக்க இயலாதவரும் படுக்கையிற் கிடந்தபடியே வழிபாட்டிற் கலந்துகொள்ளலாம். முற்றங்கள் காற்றையும் ஒளியையும் உள்ளே கொணர்ந்தன. முதலில் இரண்டாயிருந்த முற்றங்கள் பின்னர் நான்காயின. அவை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நற்செய்தியாளர் நால்வரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வாயிலிலே ஆதாம் ஏவாள் முதலாகப் பன்னிரு சீடர் ஈறாகச் சிற்பங்கள் செதுக்கப்பட்டன. யாத்திரிகர் கோடையில் மூன்று நாளும், குளிர்காலத்தில் ஐந்து நாளும் தங்கலாம் என்பது அக்கால வழக்கு. நோயாளருக்கு மருந்தும், இறந்தோருக்கு அடக்கமும் அங்கே கிடைத்தன.

காலம் மாறிற்று. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சமயப் பிளவும் போர்களும் யாத்திரைப் பாதையை வெறிச்சோடச் செய்தன. எனினும், அறச்சாலையின் கதவு அடைபடவில்லை. அயலூர் ஏழைகளும், பெற்றோராற் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளும் யாத்திரிகரின் இடத்தை நிரப்பினர்.

1837ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அச்சிற்றாலயத்திலே ஒரு பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. 'பெற்றோர் அறியப்படாதவர்' என்று பதிவேட்டில் எழுதினர். தாய் மணமாகாத உயர்குடிப் பெண், தந்தையோ குருவானவர். ஆகவே பெயர்கள் மறைக்கப்பட்டன. ஞானத்தாய் அக்குழந்தையைக் கையேற்றுச் சென்றமையால், கைவிடப்பட்டோர் விடுதியில் அது சேர்க்கப்படவில்லை. அக்குழந்தையே பின்னாளில் கலீசிய மொழியின் தலைசிறந்த கவியாக விளங்கிய ரொசாலியா தே கஸ்த்ரோ.

கற்றோர் எழுதத் தயங்கிய மொழி கலீசியம். உழவரும் மீனவரும் பேசும் அம்மொழியிலே 1863ஆம் ஆண்டு அவர் ஒரு கவிதை நூலை வெளியிட்டார். அந்நூலின் நூற்றாண்டாகிய 1963 முதல், மே மாதம் 17ஆம் நாள் கலீசிய இலக்கிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தந்தை பெயரும் தாய் பெயரும் எழுதப்படாத ஒருத்தி, ஒரு மக்கட் கூட்டத்தின் மொழிக்கே தாயானாள் என்றால், அவ்வறச்சாலையின் பதிவேட்டில் நாம் அறியாத இன்னும் எத்தனை பெயர்கள் இருக்குமோ!

நேயர்களே, 1953ஆம் ஆண்டளவும் அங்கே நோயாளர் இருந்தனர். பின்னர் மருத்துவமனை வேறிடம் பெயர்ந்தது. 1954ஆம் ஆண்டு சந்தியோகுமையோரின் புனித ஆண்டு. அவ்வாண்டு யூலை மாதத்தில், ஆட்சித் தலைவர் பிராங்கோவின் முன்னிலையில் மாளிகை விடுதியாகத் திறந்துவைக்கப்பட்டது. நோயாளர் கட்டில்கள் கிடந்த மனையிலே விருந்தினர் மஞ்சங்கள் இடம்பெற்றன.

இதனை அறத்தின் வீழ்ச்சி என்று சிலர் கூறுவர். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. ஏழைக்கென்று எழுதிவைத்த வீட்டில் ஏழைக்கு இடமில்லையாயின், அஃது உறுத்தத்தான் செய்யும். ஆயினும், மறுபுறமும் நோக்குதல் வேண்டும். ஆளில்லாத மாளிகை நெடுநாள் நில்லாது. கூரை ஒழுகும், கல் பெயரும், ஈற்றில் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சும். விடுதி ஈட்டும் பொருளே இன்று அந்நான்கு முற்றங்களையும் காத்து வருகின்றது. அந்நகரின் பழம்பகுதி 1985ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டது.

பழைய வாக்கு முற்றாக மறக்கப்படவும் இல்லை. யாத்திரையை முடித்துச் சான்றிதழோடு வருவோருள் முதற் பத்துப் பேருக்கு இலவசமாக உணவளிக்கும் வழக்கம் விடுதியான பின்னரும் பேணப்பட்டது. பத்துப் பேர் என்பது சிறிய தொகையே. 2023ஆம் ஆண்டில் அச்சான்றிதழ் பெற்றோர் 4 இலட்சத்து 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு முன்னே பத்துத் தட்டு உணவு எம்மாத்திரம்? பசி தீர்க்கும் அளவில் அது மிகச் சிறிது. ஆனால், அவ்வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை அங்கே பணம் கொடுத்துத் துயில்பவருக்கு நினைவூட்டும் அளவில் அது சிறிதன்று.

பழைய கட்டடத்தைக் காப்பது எளிது. கல்லும் சுண்ணமும் கூலியும் போதும். அது கட்டப்பட்ட காரணத்தைக் காப்பதே அரிது. அம்மாளிகையில் ஓரிரவு தங்கும் பேறு நேயர் எவருக்கேனும் வாய்க்குமாயின், காலையில் வாயிலிலே சிறிது நின்று பாருங்கள். தோளிற் சுமையோடும் காலிற் புழுதியோடும் சதுக்கத்தில் வந்தமரும் நடையாத்திரிகனே அவ்வீட்டின் முதல் விருந்தினன். நாம் அவனுக்குப் பின் வந்தவர்கள்.