ஒரே ஏசு, இரண்டு தெரு: வட அயர்லாந்து தரும் பாடம்

மதச் சண்டை என்றாலே இரண்டு வேறு கடவுள்களைக் கும்பிடுகிறவர்கள் போடும் சண்டை என்றுதான் நினைக்கிறோம். வட அயர்லாந்தில் மோதிய இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்! ஒரு பக்கம் கத்தோலிக்கர், மறுபக்கம் புராட்டஸ்டண்டுகள். 1960களின் இறுதியிலிருந்து 1998 வரை சுமார் 3,500 பேர் செத்தார்கள்.

அப்படியானால் சண்டை எதற்கு? பைபிளுக்காக அல்ல. கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அயர்லாந்தோடு சேர விரும்பினார்கள், புராட்டஸ்டண்டுகள் பிரிட்டனோடு இருக்க விரும்பினார்கள். ஆட்சியும் நல்ல வேலைகளும் புராட்டஸ்டண்டுகள் கையில் இருந்தன. டெரி நகரில் கத்தோலிக்கர்களே அதிகம். ஆனாலும் வார்டுகளைத் தந்திரமாகப் பிரித்ததால் நகரசபை அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் வீடு வைத்திருப்பவருக்கும் அவர் துணைக்கும்தான் ஓட்டு. ஆகவே நகரசபை யாருக்கு வீடு ஒதுக்குகிறதோ, அவருக்கே ஓட்டும் போனது.

இதை எதிர்த்து 1968-ல் ஊர்வலங்கள் தொடங்கின. 1969-ல் கலவரம் வெடித்து ராணுவம் வந்தது. பெல்பாஸ்ட் தெருக்களுக்கு நடுவே தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்தது. எதிர்த்தரப்பு ஆயுதக் குழுக்களும் பழிக்குப் பழி வாங்கின.

வணிகவியல் மாணவன் என்பதால் என்னைக் கவர்ந்தது 1989-ல் வந்த வேலைவாய்ப்புச் சட்டம். தன்னிடம் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் கத்தோலிக்கர், எத்தனை பேர் புராட்டஸ்டண்ட் என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். மதத்தைக் கணக்கெடுத்தால் பிரிவினைதானே வளரும் என்று தோன்றும். ஆனால் கணக்கே இல்லாவிட்டால் பாரபட்சத்தை எப்படி நிரூபிப்பது?

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. இனி எந்தத் தரப்பும் தனியாக ஆள முடியாது. பெரும்பான்மை மக்கள் ஓட்டுப் போட்டால்தான் நாடு மாறும். பொதுவாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே ஆகஸ்டில் ஓமா நகரில் வெடித்த குண்டு 29 பேரைக் கொன்றது. அப்போதும் ஒப்பந்தம் உடையவில்லை. 2007-ல், பரம விரோதிகளாக இருந்த இயன் பெய்ஸ்லியும் மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே அரசில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பெல்பாஸ்டில் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க 1981-ல் பெற்றோர்கள் 28 மாணவர்களோடு லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றும் பெரும்பாலான பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

"எல்லோரும் சகோதரர்கள்" என்று மேடையில் பேசுவது நல்லதுதான். ஆனால் அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்ததற்கு ஓட்டிலும் வேலையிலும் ஆட்சியிலும் கிடைத்த பங்கு பெரிய காரணம் என்பது என் கருத்து. சுவர்கள் விழ அது மட்டும் போதாது, பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நண்பர்களே?