நற்கருணைத் தகுதி (லுத்தரன் திருச்சபை)
லுத்தரன் ஆலயங்களில் நற்கருணை பெறத்தக்கோர் யார் என்பதற்கான ஒழுங்கு. அப்பத்தோடும் திராட்சை இரசத்தோடும் கிறிஸ்துவின் மெய்யான உடலும் இரத்தமும் அளிக்கப்படுகின்றன என்பது லுத்தரன் விசுவாசம். ஆகவே இக்கேள்வி மிகுந்த கவனத்தோடு அணுகப்படுகிறது.

அடிப்படை: ஞானஸ்நானம் பொது நிபந்தனை. மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529), பாவமன்னிப்பின் வாக்கை நம்புவதையே மெய்யான தகுதியாகக் கொள்கிறது. ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530), முன்கூட்டியே விசாரித்துப் பாவமன்னிப்பு அளிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. திடப்படுத்தலுக்குப் பின்னரே முதல் நற்கருணை என்ற முறை பிற்காலத்தில் பரவியது. இன்று சிறுவரை ஏற்கும் சபைகளும் உண்டு.

பிற சபையார்: அமெரிக்காவின் மிசூரி சினாடு, 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தின் எச்சரிப்பைச் சுட்டி, உபதேசத்தில் ஒன்றுபட்டோருக்கே வழங்குகிறது. அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஞானஸ்நானம் பெற்ற அனைவரையும் வரவேற்கிறது. ஐரோப்பாவில் 1973ஆம் ஆண்டின் லாயன்பெர்க் உடன்படிக்கை, லுத்தரன், சீர்திருத்த சபையினர் ஒரே பந்தியில் பங்குபெற வழிசெய்தது.