நகலும் வழியும்

'நகல்' அரபு மூலம் கொண்ட சொல். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது என்பது அதன் வேர்ப்பொருள். மாதவரத்து ஜெராக்ஸ் கடையில் கிடைப்பது அசல் நகல். மூலத்தில் இருப்பது அப்படியே இடம்பெயர்கிறது, எதுவும் கூடுவதில்லை. சேகரிப்போருக்கான சீட்டுக்கட்டுகளில் பழைய வடிவத்தை எடுத்தாளும் எல்லாரையும் இந்தச் சொல்லால் பழிப்பது அநியாயம். தமிழ் இலக்கணம் அதற்கு 'வழி' என்ற சொல்லை வைத்திருக்கிறது. முதல்நூலின் முடிவோடு ஒத்து, பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்வதே வழிநூல் என்கிறது நன்னூல். கஞ்சிபா என்ற பழைய ஆட்டத்தின் சீட்டுகள் இதற்கு நல்ல சான்று. முகலாயக் கட்டில் 8 வகை, 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் 10 வகை, 120 சீட்டு. வகைக்கு ராஜா, மந்திரி, பத்து எண் சீட்டு என்ற அமைப்பு மாறவில்லை. ஆனால் மீனும் ஆமையும் வகைக்குறிகளாகி, கட்டே வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கியது. மைசூரின் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) அதை மேலும் விரித்தார்.

சிறு மாற்றம் செய்துவிட்டு எவரும் 'வழி' என்று தப்பிக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978), பார்ப்பவருக்கு மூலத்தின் நகலென்றே தோன்றினால் அது மீறல்தான் என்றும் சொன்னது. நன்னூல் கேட்பது இன்னும் கூடுதல். நூலின் முகவுரையான சிறப்புப்பாயிரம் சொல்லவேண்டிய எட்டுச் செய்திகளில் ஆக்கியவர் பெயருக்கு அடுத்ததே வழி. சீட்டுப்பெட்டியிலும் வடிவமைத்தவர் பெயருக்குக் கீழே, எந்தக் கட்டின் வழி என்பதை அச்சிட வேண்டும்.