வேடந்தாங்கல் பறவைக்குக் காவல் நின்னது யாரு?

மார்கழி, தை வந்துட்டா எங்க மதுராந்தகம் பக்கம் கேமராவும் கையுமா ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. வேடந்தாங்கல் ஏரிக்கரையில நின்னு படம் புடிச்சிட்டு, "வனத்துறை நல்லாப் பாத்துக்கறாங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. சரிதான். ஆனா வனத்துறை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பறவைங்களுக்குக் காவல் நின்னது குடியானவங்க.

வேடந்தாங்கல்னா வேடர்கள் தங்கின இடம்னு பொருள் சொல்வாங்க. வெள்ளைக்காரன் காலத்துல சோல்ஜருங்க வந்து ஏரியில பறவையைச் சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. அப்போ செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டர் லயனல் பிளேஸ். 1790-கள் முடியறப்போ, பறவையைக் காக்கற உரிமையை ஊருக்கே கொடுத்து 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல்னா எழுத்து மூலமா கொடுக்கற உறுதி. 1858-ல அதையே புதுப்பிச்சும் வாங்கினாங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டாங்க? பறவை மேல பாசம் இருந்திருக்கும். கூடவே ஒரு குடியானவன் கணக்கும் இருந்தது. ஏரிக்குள்ள இருக்கற நீர்க்கடம்பு மரத்துல நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ஆயிரக்கணக்குல கூடு கட்டும். அதுங்களோட எச்சம் தண்ணியில விழும். தழைச்சத்து, மணிச்சத்து ரெண்டும் அதுல இருக்கு. மதகைத் திறந்தா கழனிக்குத் தண்ணியோட உரமும் சேர்ந்து பாயும். யூரியா மூட்டையைக் கண்ணால பாக்காத காலத்துல அது எவ்வளவு பெரிய சொத்துன்னு நெல்லு போட்டவங்களுக்குத் தெரியும்.

சட்டமெல்லாம் பின்னாடிதான் வந்தது. 1936-ல சரணாலயமா அங்கீகாரம், 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2022-ல ராம்சர் பட்டியல்.

ஏரி சுமார் 75 ஏக்கர்தான். சரணாலயம்னு சொல்றது ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டரையும் சேர்த்து. 2020-ல அந்த வட்டத்தைச் சுருக்கலாம்னு அரசுத் தரப்புல ஒரு யோசனை வந்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்பிச்சு. "ஏரியை யாரும் தொடலையே, அப்புறம் என்ன?"ன்னு சிலர் கேட்டாங்க. கூடு ஏரியில இருந்தாலும் தீனி வெளியதான். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கழனியில கிடைக்குது. கூழைக்கடாவுக்கு மீன் சுத்துப்பட்டு ஏரிங்கள்ல கிடைக்குது. வடக்கேருந்து வர்ற ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்துக்கும் ஆழமில்லாத தண்ணி வேணும். கழனியெல்லாம் பிளாட்டு ஆயிட்டா, மிச்சக் கழனியில நத்தை, நண்டு, தவளை எல்லாம் மருந்துல செத்துட்டா, மரம் இருந்து என்ன பிரயோசனம்?

நானும் செல்போன்ல படம் எடுக்கறவன்தான். என் வரப்புலேருந்தே கொக்கும் அரிவாள் மூக்கனும் கிடைக்குது, எங்கயும் போக வேண்டியதில்ல. ஏரிக்கு வர்றவங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கறேன். பறவையை எடுத்து முடிச்சதும் அந்த மதகையும், அது பாயற கழனியையும் ரெண்டு படம் எடுங்க. அன்னைக்கு கவுல் வாங்கினவங்க காப்பாத்தினது இதையும் சேர்த்துத்தான்.