பஞ்சமி நிலம்: ஆணை கோட்டையில், கணக்கு யார் வீட்டில்?

தோழர்களே, பஞ்சமி நிலம் என்றதும் "வெள்ளைக்காரன் கொடுத்தான், ஆதிக்கச் சாதிக்காரன் பிடுங்கினான்" என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எப்படிப் பிடுங்கினார்கள் என்பது தெரியாமல் மீட்க முடியாது.

1891இல் செங்கல்பட்டில் பொறுப்பு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். சேரியில் குடிசை நின்ற மண்கூட நம் முன்னோருக்குச் சொந்தமில்லை. மிராசுதாரை எதிர்த்தால் குடிசையும் போய்விடும். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலோ மிராசுதாருக்கே முன்னுரிமை. அந்த விதியில் சாதிப் பெயர் எதுவும் இல்லை. மிராசு என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

இவ்வளவு கறாரான ஆணை இருந்தும் நிலம் ஏன் நிற்கவில்லை? ஆணை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. கணக்கு ஊருக்குள் கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. 1980இல் அந்தப் பதவி ஒழிக்கப்படும்வரை, எந்தச் சர்வே எண் யார் பெயரில் என்று எழுதும் பேனா பெரும்பாலும் சேரிக்கு வெளியேதான் இருந்தது. சுற்றிலும் ஆதிக்கச் சாதியார் வயல் என்றால் பாதையும் வாய்க்கால் தண்ணீரும் அவர்கள் தயவு. அதோடு கடனும் சேர்ந்தால் நிபந்தனை காகிதத்தில் மட்டும்தான் மிஞ்சும். பிறகு 1980களில் யூ.டி.ஆர். திட்டத்தில் நில ஆவணங்களைப் புதிதாக எழுதியபோது, 'டி.சி. நிலம்' என்ற குறிப்பே காணாமல்போன சர்வே எண்கள் உண்டு. குறிப்பு போனால், அதைக் காட்டி மீட்கக் கேட்கும் வழியும் அடைபடுகிறது.

1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் நம் மக்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள். அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். அவர்கள் கேட்டது புதிய சட்டமல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே அரசு போட்ட ஆணையை நிறைவேற்றச் சொன்னார்கள். சட்டத்தைக் கேட்டவர்கள்மீது சட்டத்தின் பெயரால் துப்பாக்கி நீண்டது.

எனவே முழக்கத்தோடு ஆவணமும் நம் கைக்கு வரவேண்டும். உங்கள் கிராமத்தின் யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய 'அ' பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வரைபடத்தோடு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். எந்த நிலம் யாருடையது என்று அவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைப்போம்.