தகடூர்த் தேறலும் நந்திமலைத் திராட்சையும்

கெலமங்கலம் மூன்று மொழிகள் கூடி வாழும் ஊர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் விலை பேசும். கேழ்வரகும் தக்காளியும் ரோசாவும் விளையும் இம்மேட்டு நிலத்திற்கு வடமேற்கே ஓசூரும், அதனையடுத்துக் கருநாடக எல்லையும் உள்ளன. எல்லையைக் கடந்து பெங்களூருக்கு வடக்கே சென்றால் நந்திமலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களும், அவற்றை ஒட்டிய ஒயின் ஆலைகளும் காணக் கிடைக்கின்றன. விடுமுறை நாள்களில் இவ்வாலைகளைச் சுற்றிப் பார்த்து, அங்கு விளைந்த மதுவைச் சுவைத்து வருவது அண்மைக் காலத்தில் ஒரு சுற்றுலாவாகவே வளர்ந்துள்ளது. ஓசூர் ஆலைகளில் பணிபுரியும் இளைஞர் பலரும் இதனை அறிவர். ஆனால் இந்நிலத்தில் மது என்பது நேற்று வந்த பொருளன்று. அது விருந்தாக இருந்தது, அரசின் வருவாயாக மாறியது, குற்றமாயிற்று, நஞ்சாகியும் உயிர் குடித்தது, இன்று சுற்றுலாப் பொருளாகவும் நிற்கின்றது. இம்மாற்றங்களை வரிசைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டாரத்தின் பழைய தலைநகர் தகடூர். அதுவே இன்றைய தருமபுரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004ஆம் ஆண்டு வரை கெலமங்கலமும் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி புலவர் கற்பனையல்லன் என்பதற்கு, 1981இல் கண்டறியப்பட்ட சம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சான்றாகும். அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்று (235) அவனுடைய ஈகையைக் கூறத் தொடங்கும்போது பொன்னையோ தேரையோ முதலில் சொல்லவில்லை; கள்ளையே சொல்கின்றது. சிறிதளவு கிடைத்தபோது அதனைப் புலவர்க்கே தந்துவிடுவானாம். மிகுதியாகக் கிடைத்தபோது அவர்களைப் பாடவைத்துத் தானும் உடனிருந்து உண்பானாம். மற்றொரு பாடலில் (232) அவனது நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கின்றார்கள். நாடு கொடுத்தாலும் கொள்ளாத அவன் இதனைக் கொள்வானோ என்று புலவர் உள்ளம் உடைகிறார். இவ்விரு பாடல்களிலும் கள் உறவின் அளவுகோலாக நிற்பது நோக்கத்தக்கது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் வயலோரங்களில் நடுகற்கள் நிற்கின்றன. அவற்றின் முன் நிற்கும் கவிஞர்க்கு அப்பாடல் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது.

மது வகைகளுக்குச் சங்கத் தமிழில் வழங்கிய பெயர்கள் பல. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி, அரியல் என அவை நீள்கின்றன. இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. தெளிந்தது தேறல், அரித்தெடுத்தது அரியல், பிழிந்தது பிழி, நெல்லிலிருந்து ஆக்கியது தோப்பி. செய்முறையே பெயராயிற்று. பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது ஆக்கும் முறை ஒரு கைவினைக் குறிப்பைப் போலவே கூறப்பட்டுள்ளது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, புற்றாஞ்சோற்றைப் போன்ற நல்லடையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர். அந்த நல்லடை இன்றைய அறிவியல் கூறும் நொதியூட்டும் பொருளே எனலாம். மாவுப்பொருள் சருக்கரையாகி, சருக்கரை மதுவாகும் இரு படிகளும் அங்கு ஒருங்கே நிகழ்கின்றன.

உள்நாட்டு மதுவோடு கடல் கடந்த மதுவும் வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்க வேண்டும் என நக்கீரர் வாழ்த்துகிறார் (புறம். 56). கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்புளூசு என்னும் கடல்வழிக் குறிப்பும் முசிறித் துறையில் சிறிதளவு மது இறங்கியதாகக் கூறுகின்றது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இரு கைப்பிடி கொண்ட மத்தியதரைக் கடற் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவு மதுவை ஏற்றிவந்த சாடிகளும் அவற்றுள் உண்டென்று காட்டினார். நம் இலக்கியத்தின் ஒரு தொடருக்கு மண்ணடியிலிருந்து சான்று எழுந்து வந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வறண்ட நிலமும் திராட்சையும் பகையல்ல என்பதையும் இங்குக் கருத வேண்டும். மேற்காசியாவின் நெகேவ் பாலைநிலத்தில் அவ்தாத், ஷிவ்தா ஆகிய பழைய ஊர்களில் பைசாந்தியப் பேரரசுக் காலத்துத் திராட்சை பிழியும் தொட்டிகள் இன்றும் காணப்படுகின்றன. எப்போதோ பெய்யும் மழையின் வெள்ளத்தைச் சிற்றணைகளால் தடுத்து, படிப்படியான வயல்களில் தேக்கிக் கொடி வளர்த்தனர். அந்த மது காசாத் துறைமுகம் வழியாக மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சென்றது. இப்போது அதே பாலையில் சிற்றாலைகள் மீண்டும் தோன்றி, வழிப்போக்கர்க்குத் தம் மதுவைச் சுவைக்கத் தருகின்றன. நீரருமையால் சிறுத்த கனியில் சாறு குறையும், சாரம் செறியும். ஏரி வற்றினால் கேழ்வரகை நம்பும் நம் வட்டார உழவர்க்கு இந்த உண்மையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

தமிழ்ப் பாலையிலும் மது உண்டு. ஆனால் அதன் முகம் வேறு. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், கள் விற்கும் பெண் பழங்கடனைக் கருதி மறுக்க, அதைப் பொறாத மறவன் ஆநிரை கவரப் புறப்படுகிறான். மது கடனாகி, கடன் கொள்ளையாவதை இளங்கோவடிகள் அன்றே கண்டார். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் இம்முகத்தையே கண்டவர். ஆகவே கள்ளைப் போற்றும் மரபும் கடியும் மரபும் தமிழில் உடன்பிறந்தவை. ஒன்றை மட்டும் தமிழ் மரபென்று கூறுதல் பொருந்தாது.

1792இல் பாராமகாலும், 1799இல் ஓசூர்ப் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்ற ஆங்கிலப் படை கெலமங்கலத்தில் தங்கிச் சென்றதும் 1799இல்தான். பின்னர் இப்பகுதி சேலம் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருவாய்த் துறைக்குள் இறுகக் கட்டியது. மரத்திற்கு வரி, கடைக்கு ஏலம் என்று வந்தபின் கள் ஊர்ப் பொருளாக இருந்த நிலை மாறியது. குடிப்பவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு அரசுக்கும் குத்தகைதாரனுக்கும் ஆதாயம் என்னும் கணக்கு அன்று தொடங்கியது.

அக்கணக்கை எதிர்த்தவரும் இம்மண்ணின் மைந்தரே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார். அவ்விதழில் அவருக்குத் துணையாகப் பணிபுரிந்தவர் கல்கி. தமிழின் புகழ்பெற்ற தொடர்கதையாசிரியர் தம் எழுத்துப் பயிற்சியின் ஒரு பகுதியை மதுவிலக்குப் பிரசாரத்தில் பெற்றார் என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆகவே சென்னை மாகாணத்தில் முதன்முதலாகக் கள்ளுக்கடை மூடப்பட்ட ஊர்களுள் கெலமங்கலம் பகுதியும் அடங்கும். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்காயிற்று.

1971இல் அது தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த இராசாசி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சென்று வேண்டிக்கொண்டார், வேண்டுகோள் நிறைவேறவில்லை. சில ஆண்டுகளில் கடைகள் மூடப்பட்டு, 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் அரசின் வாணிபக் கழகம் மொத்த விற்பனைக்கென அமைந்தது. 1987இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே மேற்கொண்டது. இவ்வரிசையில் ஒரு முரண் உண்டு. ஆலையில் காய்ச்சிய கடுமது அரசுக் கடையில் விற்கப்படுகின்றது. நூற்றுக்கு நான்கைந்து பங்கே போதைப்பொருள் கொண்ட கள், இறக்குபவனுக்குச் சிறையைத் தருகின்றது. பனையும் ஈச்சையும் ஏறிப் பிழைத்த குடும்பங்கள் தம் தொழிலின் சொற்களையும் சேர்த்து இழந்தன. பாளை சீவுதல், கலயம் கட்டுதல், சுண்ணாம்பு தடவிப் பதநீர் காத்தல் ஆகியவை பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காத சொற்களாகி வருகின்றன.

எல்லைக்கு அப்பால் வேறொரு வரலாறு நடந்தது. கன்வல் குரோவர் என்பவர் பிரான்சு நாட்டு வல்லுநர் துணையோடு 1988இல் தொட்டபள்ளாப்பூரில், நந்திமலை அடிவாரத்தில், பிரெஞ்சுத் திராட்சை வகைகளைப் பயிரிட்டார். அதற்கு முன் அப்பகுதியின் பெருமைக்குரியது 'பெங்களூர் நீலம்' என்னும் கருநீலத் திராட்சை. அது உண்ணவும் சாறு பிழியவும் உரியது. இனிப்பு மதுவிற்கும் பயன்பட்டது. புதிய தோட்டங்களில் கேபர்னே சோவிஞ்ஞோன், ஷிராஸ் முதலிய வகைகள் வேரூன்றின. குளிர்நாட்டில் பனிக்காலத்தில் உறங்கும் கொடி இங்கு உறங்குவதில்லை. எனவே ஆண்டிற்கு இருமுறை கவாத்து செய்து, ஒருமுறை மட்டுமே காய்க்க விடுகின்றனர். மழை ஓய்ந்தபின் வெட்டிய கொடி கோடையின் தொடக்கத்தில் கனி தரும். பகல் வெயிலும் மேட்டுநிலத்தின் இரவுக் குளிரும் சேர்ந்து கனியின் இனிப்பையும் புளிப்பையும் சமன்செய்கின்றன.

இவ்வாலைகளுக்குச் செல்வோர் முதலில் தோட்டத்தையும், பின் எஃகுத் தொட்டிகளையும், ஓக் மரப் பீப்பாய்களையும் காண்பர். செம்மது கருந்திராட்சையின் தோலோடு சேர்த்து நொதிக்கவிடப்படுவது. நிறம் தோலிலிருந்தே வருகின்றது. வெண்மதுவிற்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவர். கடைசியில் சுவைக்கும் அறை. கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தல், சுழற்றி மணம் கொள்ளுதல், ஒரு மிடறு நாவில் நிறுத்துதல், விரும்பினால் உமிழ்ந்துவிடுதல் என அதற்கொரு முறை உண்டு. குடிப்பதற்கும் சுவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த உமிழ்தலே விளக்கிவிடும். நம் ஊரில் 'ஒயின்ஷாப்பு' என்ற பெயர் எல்லா மதுக்கடைக்கும் வழங்குகிறது. அங்கு மிக அரிதாகக் கேட்கப்படும் பொருள் ஒயினே என்பது சொல்லாய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டியதொன்று.

இனி, இவ்வரலாற்றின் துயரமான பக்கத்தைக் கூறாது விடுதல் முறையன்று. 2007ஆம் ஆண்டு கருநாடக அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வகுத்து ஊக்கம் தந்தது. அதே ஆண்டில் ஏழைகளின் சாராயத்தைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, 2008 மே மாதத்தில், பெங்களூரைச் சுற்றியும் கோலார்ப் பகுதியிலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நச்சுச் சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் கலந்த அந்த நஞ்சு மாநில எல்லையை மதிக்கவில்லை. இறந்தோர் பெரும்பாலும் கூலி உழைப்பாளர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர். ஒருபுறம் மணம் முகர்ந்து சுவைக்கும் அறை. மறுபுறம் பிளாஸ்டிக் உறையில் வந்த சாவு. இரண்டிற்கும் இடையே சில மணி நேரப் பயணமே உள்ளது.

இதற்குத் தீர்வு கூறுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தடையே போதும் என்பார்க்கு 2008 மறுமொழி கூறும். கடையே போதும் என்பார்க்கு மாலையில் வெறுங்கையோடு வரும் கணவனை எதிர்நோக்கும் பெண்கள் மறுமொழி கூறுவர். இராசாசியின் மதுவிலக்கு அப்பெண்களின் பக்கம் நின்றது. அதனை ஏளனம் செய்தல் தகாது. மரமேறும் உழைப்பாளியின் குரலும் அதே போலக் கேட்கப்பட வேண்டியது. தோட்டத்து மதுவிற்குக் கிடைத்த மதிப்பு மரத்து மதுவிற்கு ஏன் கிடைக்கவில்லை என்னும் வினா, சுவையைப் பற்றியதன்று. யார் விளைவிக்கிறார், யார் குடிக்கிறார் என்பதைப் பற்றியது.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். நந்திமலைக்குச் செல்வோர் செல்லட்டும். அங்குக் கொடி வளர்க்கும் நுட்பத்தையும் அறிந்து வரட்டும். அதற்கு முன்போ பின்போ, நம் சிற்றூர்களில் இன்னும் உயிரோடுள்ள முதிய மரமேறிகளிடம் அமர்ந்து, அவர்தம் கருவிகளின் பெயர்களையும், மரங்களின் வகைகளையும், கள்ளின் பக்குவங்களுக்கு மும்மொழியிலும் வழங்கிய சொற்களையும் எழுதி வைக்க வேண்டும். 2008இல் இறந்தோரின் குடும்பங்கள் இன்று எவ்வாறு வாழ்கின்றன என்பதும் நம் கவிஞர்கள் கேட்டறிய வேண்டியதே. ஔவையார் ஒரு கலயக் கள்ளை வைத்து ஒரு மனிதனின் அளவைச் சொல்லிச் சென்ற நாடு இது. அச்சொல்லின் பின்வந்த வரலாற்றையும் எழுதி நிரப்புதல் நம் அடுத்த பத்தாண்டின் பணிகளுள் ஒன்றாகட்டும்.